மகரக்கட்டும் மியூசிக் பீரியடும்

நான் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன் என்று தெரிந்ததும், சினிமா பார்க்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லே கோரிஸ்ட் பார்த்துட்டீங்களா?" கிறிஸ்தோஃப் பராத்தியே இயக்கி 2004இல் வந்த பிரெஞ்சுப் படம். பிரான்சில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் திரையரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கதாநாயகனை விட்டுவிட்டு என் கண் வேறொரு பையன்மேல் போய் நிற்கிறது. படம் அவனை நடத்திய விதத்தில்தான் இசை வகுப்பைப் பற்றிய நம்முடைய பொதுவான கற்பனையின் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949. வீட்டுக்கும் ஊருக்கும் அடங்காத பையன்களைப் போட்டு வைத்திருக்கும் உறைவிடப் பள்ளி. அதன் பெயருக்கே 'குளத்தின் அடி' என்று அர்த்தம். தலைமையாசிரியர் ரஷாங் அடித்தே திருத்துகிறவர். அங்கே கண்காணிப்பாளராக வரும் கிளெமாங் மாத்யூ, இசையமைப்பாளராக வர முயன்று தோற்றுப்போனவர். பையன்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவனையும் பாடச்சொல்லி, குரல் பார்த்துப் பிரித்து ஒரு பாடகர் குழுவை உருவாக்குகிறார். பியேர் மொராஞ்ஜ் என்ற முரட்டுப் பையனுக்கு அபாரமான குரல் இருப்பது தெரியவருகிறது. பள்ளி மெல்ல மாறுகிறது. மாத்யூ வேலையை இழக்கிறார். மொராஞ்ஜ் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் ஆகிறார். பெரியவரான அவர் கைக்கு வரும் மாத்யூவின் நாட்குறிப்பு வழியாகத்தான் படமே நமக்குச் சொல்லப்படுகிறது.

படத்தின் நல்ல அம்சத்தை முதலில் சொல்ல வேண்டும். மாத்யூ யாரையும் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவதில்லை. சுருதி சேராத பையனுக்கு இசைத்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. ஒரு பாட்டும் தெரியாத குட்டிப்பையன் பெப்பினோவுக்கு 'உதவி நடத்துநர்' பதவி. அரங்கம் சிரிக்கும், நானும் சிரித்தேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறவனாக யோசித்தால், அந்தச் சிரிப்பு கொஞ்சம் இடறுகிறது. தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் வருடக் கடைசியில் ஒரு வரியாவது பாடினானா? படத்துக்கு அது பொருட்டில்லை. அவனுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது, போதும். இடம் கொடுப்பதும் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றல்ல.

என் கண் போய் நிற்கும் பையன் மொந்தாங். மற்றவர்களைவிட வயதில் மூத்தவன். பரிசோதனை மாதிரி அந்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவன். குரல் பார்க்கும்போது ஆபாசப் பாட்டு ஒன்றை எடுத்துவிடுகிறான். மாத்யூவுக்கு அதிர்ச்சியைவிட மகிழ்ச்சிதான் அதிகம். குழுவில் கனத்த குரல் அவன் ஒருவனுக்குத்தான். சின்னப் பையன்களின் மெல்லிய குரல்களுக்கு அடியில் தாங்கி நிற்க அது தேவை. பிறகு பணம் காணாமல் போகிறது, பழி மொந்தாங்மேல் விழுகிறது, அடி வாங்குகிறான், போலீஸ் கொண்டுபோகிறது. அந்தப் பணத்தை அவன் எடுக்கவில்லை என்பது நமக்குப் பிறகு தெரியும். கடைசியில் பள்ளி எரிகிறது. தூரத்தில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

படத்தில் குரல் உடைந்த பையன் என்று நாம் கவனிக்கும்படி இருப்பவன் இவன் ஒருவன்தான். அவன் கதை நெருப்பில் முடிகிறது. குரல் உடையாத மொராஞ்ஜின் கதை நியூயார்க் மேடை வரை போகிறது. இயக்குநர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தின் இன்பம் முழுக்க அந்த உடையாத குரலில்தான் இருக்கிறது. மொராஞ்ஜாக நடித்த ஜான் பாப்திஸ்த் மோனியே, லியோன் நகரின் செயின்ட் மார்க் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த நிஜப் பாடகன். அந்தக் குரலைக் கேட்கும் யாருக்கும் தொண்டை அடைக்கும். அடைப்பதற்குக் காரணமும் இருக்கிறது: அது இன்னும் சில மாதங்களில் இல்லாமல் போகப்போகும் குரல். படம் அதற்கு முன்பே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. அந்தக் குரல் உடைந்த மறுநாள் மாத்யூ என்ன செய்திருப்பார் என்ற கேள்வி எழவே இடமில்லை.

நடுநிலைப் பள்ளி இசை ஆசிரியருக்கு அந்த மறுநாள்தான் வேலை நாள்.

*

தமிழில் இதற்குத் தனியாகவே ஒரு சொல் இருக்கிறது: மகரக்கட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் இந்தச் சொல் பிழைப்பையே அசைக்கக்கூடியது. ஸ்திரீ பார்ட்டோ ராஜபார்ட்டோ, பாடித்தான் நடிக்க வேண்டும். குரல் உடைந்தால் வேஷம் போகும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒரு பையனின் உடம்பு அவனைக் கேட்காமலே அவன் வேலையைப் பறித்துக்கொள்ளும். இன்றைய பள்ளிக்கூடத்தில் வேலை போகாது. ஆனால் வாய் மூடும்.

உடம்பில் நடப்பது இதுதான். குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் மாறும், இரண்டு மூன்று சுரம் இறங்கும், கொஞ்ச காலம் குரலில் காற்று கலந்து வரும். அதை யாரும் பெயர் சொல்லிக்கூடப் பேசுவதில்லை. மாறிக்கொண்டிருக்கும்போது, குறிப்பாகப் பையன்களுக்கு, சிரமமில்லாமல் பாடக்கூடிய இடம் ஐந்தாறு சுரத்துக்குள் சுருங்கிவிடும். மேலே போனால் பிளக்கும், கீழே போனால் காணாமல் போகும். எல்லாருக்கும் ஒரே நாளில் நடப்பதும் இல்லை. ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் குழந்தைக் குரல் ஒன்றும், பாதி உடைந்தது ஒன்றும், அப்பா குரல் ஒன்றும் உட்கார்ந்திருக்கும்.

இந்த வகுப்பில் நாம் எடுக்கும் முதல் பாடம் என்ன? சரளி வரிசை. ஷட்ஜத்தில் தொடங்கி மேல் ஷட்ஜம் வரை ஏறி இறங்க வேண்டும். முழுதாக ஒரு ஸ்தாயி. சுருதிப்பெட்டி பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குத் தோதாக ஐந்து கட்டையில் நிற்கும். குரல் உடைந்த பையனுக்குத் தோது ஒரு கட்டை. அதாவது அவளுடைய ஷட்ஜம் இவனுடைய பஞ்சமம். இவன் அவர்களோடு மேலே ஏறினால் தைவதம், நிஷாதத்தில் குரல் கிழிகிறது. ஒரு ஸ்தாயி கீழே போய்ப் பாடலாம் என்றால் அவ்வளவு ஆழம் இன்னும் வரவில்லை. முன்பெஞ்சு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. அடுத்த வாரம் அவன் சொல்கிறான்: "சார், நான் தாளம் மட்டும் போடுறேன்."

இதைத்தான் 'இவனுக்குப் பாட்டு வராது' என்று எழுதி முடித்துவிடுகிறோம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரம் ஒரு மேற்பார்வையாளர் பின்வரிசைப் பையன்களிடம் போய், "நீங்கல்லாம் வாய மட்டும் அசைங்கப்பா, சத்தம் வேணாம்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நிகழ்ச்சி நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பதிமூன்று வயதில் அப்படிக் கேட்டவர்கள் நாற்பது வயதில் தாலாட்டுப் பாடக்கூடக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் முதலில் சொல்வதே, "எனக்கும் பாட்டுக்கும் ரொம்ப தூரம் சார்." அந்தத் தூரம் எந்த வகுப்பில் தொடங்கியது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்றுதான் பதில் வருகிறது.

*

உலகத்தில் இதை யாரும் யோசிக்காமல் இல்லை. 1950களில் இருந்து அமெரிக்காவில் இர்வின் கூப்பர் என்ற ஆசிரியர், மாறும் குரலை நோயாகப் பார்க்காமல் தனி வகைக் குரலாகவே எடுத்துக்கொண்டார். 'கேம்பியாட்டா' என்று அதற்குப் பெயர் கொடுத்து, அந்தச் சில சுரங்களுக்குள் அடங்கும் தனி வரிகளைப் பாடல்களில் எழுதவைத்தார். 1970களின் இறுதியில் ஜான் குக்ஸி, குரல் மாறும் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தப் படியில் எந்த எல்லை வசதி என்று எழுதினார். ஹங்கேரியில் கோதாய், ஊர்ப் பிள்ளைகளின் பாட்டிலிருந்து, குறைந்த சுரங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் பிறந்த கெச்கெமெத் ஊரில் 1950இல் தினமும் பாடும் பள்ளி ஒன்று தொடங்கியது. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் 1960களில் இன்னொரு பக்கமிருந்து வந்தார். முதலில் காது. ஒரு தாளைச் சத்தமே வராமல் வகுப்பு முழுக்கக் கைமாற்றச் சொன்னார். நான் செய்து பார்த்தேன். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளைக் கவனிக்கும் அந்த நிமிடத்தில் பாடத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பிரிவே இல்லை.

இவர்கள் எல்லாரும் செய்தது ஒரே காரியம். சட்டைக்கு ஏற்ப பிள்ளையை வெட்டாமல், பிள்ளைக்கு ஏற்ப சட்டையை வெட்டினார்கள். நம் வகுப்பிலும் அதைச் செய்யலாம். நான் செய்வது எளிமையானது. சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு, குரல் உடைந்த பையன்களையே சுருதியாக நிற்க வைக்கிறேன். பாதிப் பேர் ஷட்ஜம், பாதிப் பேர் கீழ்ப் பஞ்சமம். ஐந்து கட்டையிலேயே அந்த இரண்டு இடமும் அவர்களுக்குச் சுகமாக வரும். மேலே மற்றவர்கள் பாடுகிறார்கள். அடியில் இவர்கள் நிறுத்தினால் பாட்டு சரிகிறது என்பதை முழு வகுப்பும் காதால் தெரிந்துகொள்கிறது. சில வாரம் கழித்து அந்த இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கும் தைவதம், நிஷாதம். பிறகு மேலே ரிஷபம். தாளம் மட்டும் போடுவேன் என்றவன் ஒருநாள், "சார், இன்னிக்கு நான் மேல போய்ப் பார்க்கவா?" என்று கேட்டான். போனான். பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் இல்லாமல் பாட்டு நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வந்திருக்கிறது. "பாட்டுன்னா கஷ்டப்பட்டுத்தான் வரணும். இப்படி எறக்கிக் கொடுத்தா சாதகம் என்னாகும்?" நியாயமான கேள்வி. ஆனால் குருகுலம் தன் சீடனைத் தேர்ந்தெடுக்கும், பள்ளி தேர்ந்தெடுப்பதில்லை. வாசலில் நுழையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பேன் என்பதுதான் பள்ளி கொடுக்கும் வாக்கு. அதைவிட முக்கியமாக, சரளி வரிசையே ஒருவர் உட்கார்ந்து, தொடங்குகிறவனுக்கு எது எளிது என்று யோசித்ததால் வந்தது. அதை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. மாயாமாளவகௌளையின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அமைப்பில் இருக்கும். பழகுகிறவனுக்கு அது ஒரு கைப்பிடி. பிள்ளையைப் பார்த்துப் பாடத்தை அமைப்பதுதான் அந்த மரபின் தொடக்கமே. இன்றைய எட்டாம் வகுப்பைப் பார்த்து இன்னொரு வரிசை அமைப்பது மரபை உடைப்பது ஆகாது.

*

இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளைஞர்கள் அதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். 2003இல் வந்த 'ஸ்கூல் ஆஃப் ராக்'. வேலையில்லாத ராக் பாடகர் பொய் சொல்லி ஆசிரியராக நுழைந்து, பிள்ளைகளை வைத்து பேண்ட் கட்டுகிறார். பாட வராதவர்களுக்கு விளக்கு, உடை, நிர்வாகம் என்று அங்கேயும் பதவி உண்டு. குதூகலமான படம். ஆனால் அவர் அந்தப் பிள்ளைகளை முதலில் கண்டுபிடிப்பது எங்கே? பள்ளியின் இசை வகுப்பில், ஏற்கெனவே கிதாரும் பியானோவும் செல்லோவும் வாசித்துக்கொண்டிருக்கும்போது. அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அந்தக் காட்சியோடு மறைந்துவிடுகிறார். வருடக்கணக்கில் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒருவர், கைத்தட்டல் மூன்று வாரம் வந்தவருக்கு.

நம் ஊரிலும் அந்த மறையும் ஆசிரியர்தான் இருக்கிறார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்ற பட்டியலில் இசையும் ஒன்று. வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவது ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. அந்த அரை நாளிலும் பரீட்சை நெருங்கினால் மியூசிக் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். குரல் எந்தப் படியில் இருக்கிறது என்று நாற்பது பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்க ஒரு ஆசிரியருக்கு வேண்டியது நேரம்தான். அதைத்தான் நாம் கொடுப்பதில்லை. மாத்யூவைப் பார்த்து அழுதுவிட்டு, நம் ஊர் மாத்யூவுக்கு அரை நாள் சம்பளம் போடுகிறோம்.

'லே கோரிஸ்ட்' மோசமான படம் இல்லை. ஒரு பள்ளியில் பிரம்புக்குப் பதிலாகப் பாட்டு நுழைந்தால் என்ன ஆகும் என்று அது நம்பவைக்கிறது. அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அதை ஆசிரியர்களுக்கான படமாக எடுத்துக்கொண்டால், ஒரு மொராஞ்ஜ் கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் கற்றுக்கொள்வோம். என் வகுப்பில் இதுவரை மொராஞ்ஜ் யாரும் வரவில்லை. வந்தால் சந்தோஷம், அவனுக்கு வழி காட்ட வேறு நாலு பேர் இருப்பார்கள். மொந்தாங்குகள் மட்டும் வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அவர்கள் பாடுவதற்கு இடம் உள்ள பாட்டு நம் பாடப்புத்தகத்தில் இன்னும் எழுதப்படவில்லை.