மஞ்சள் கோடும் மூல வரியும்: முத்துக்குளித்துறை ஆய்வில் மின்குறிப்பெடுப்பு – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடியையும் அதனைச் சார்ந்த முத்துக்குளித்துறையையும் பற்றிய ஆய்வு மூலங்களுள் பெரும்பகுதி இன்று பிடிஎஃப் கோப்புகளாகவே ஆய்வாளர் கைக்கு வருகின்றது. அக்கோப்புகளில் வண்ணக்கோடிட்ட பகுதிகளைத் தானாகப் பிரித்தெடுத்துக் குறிப்புச் செயலியில் சேர்க்கும் முறையும் பரவியுள்ளது. இம்முறை உழைப்பைக் குறைக்கின்றது. ஆயினும் தமிழ் எழுத்துருச் சிக்கல், மூல அடுக்குகளின் மறைவு, சூழல் இழப்பு ஆகிய மூன்று வழிகளில் சான்றின் தகுதியைக் குலைக்கவும் கூடும். அக்குறைகள் எவ்வாறு நேர்கின்றன என்பதையும், தமிழ்த் தொகை மரபு அவற்றிற்குக் காட்டும் தீர்வையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, தூத்துக்குடி, கொற்கை, பிடிஎஃப், குறிப்பெடுப்பு, ஒருங்குறி, புறத்திரட்டு.

முன்னுரை

முத்துக்குளித்துறையின் வரலாறு பல மொழிகளில் சிதறிக் கிடக்கின்றது. கொற்கை முத்தினைச் சங்க இலக்கியம் பாடுகின்றது. கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் கொற்கையை முத்தெடுக்கும் இடமாகச் சுட்டுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் தத்தம் மொழிகளில் ஆவணங்களை விட்டுச்சென்றனர். கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881), எட்கர் தர்ஸ்டனின் முத்து, சங்கு மீன்பிடிப்புக் குறிப்புகள் (1890), ஹெர்ட்மன் இலங்கை அரசுக்கு அளித்த ஐந்து தொகுதி அறிக்கை (1903–1906), ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு பற்றி எழுதிய நூல் (1914), பேட் தொகுத்த மாவட்ட விவரச்சுவடி (1917) ஆகியவை இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் நூல்கள். தூத்துக்குடியில் 1973இல் வெற்றிபெற்ற முத்து வளர்ப்பு ஆய்வு தொடர்பான வெளியீடுகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் காணலாம்.

இந்நூல்களைத் தேடிச் சென்னைக்கோ இலண்டனுக்கோ செல்லவேண்டிய நிலை முன்பு இருந்தது. இன்று இவற்றுள் பலவும் இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் கிடைக்கின்றன. இவ்வாய்ப்பு பெருநன்மை என்பதில் ஐயமில்லை. நூல் திரையில் வந்துவிட்ட பின் அதனைப் படிக்கும் முறையும் மாறிவிட்டது. படிக்கும்போதே மஞ்சள் கோடிடுதல், கோடிட்டவற்றை ஒரே சொடுக்கில் திரட்டுதல், திரட்டியவற்றைக் கட்டுரையில் பெய்தல் என்னும் மூன்று படிகளாக ஆய்வுழைப்பு சுருங்கியுள்ளது. இம்மூன்று படிகளுக்கும் இடையே இழக்கப்படுவது யாது என்பதே இங்கு எழும் வினா.

கோட்டுக்குள் இருப்பது

அடோபி நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்தி, 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவம், பக்கத்தின் தோற்றத்தை மாறாமல் காப்பதற்கென உருவானது. அவ்வடிவத்தில் இடப்படும் வண்ணக்கோடு அடிப்படையில் சொற்களைச் சேமிப்பதில்லை. பக்கத்தின் மீது ஒரு நாற்கரத்தின் நான்கு முனைகள் எங்கு அமைகின்றன என்னும் ஆயங்களையே சேமிக்கின்றது. பிரித்தெடுக்கும் செயலி அந்நாற்கரத்தின் கீழுள்ள எழுத்துக் குறியீடுகளைப் படித்துச் சொற்களாகத் தருகின்றது. எனவே ஆய்வாளர் கண்ட சொல்லும் செயலி எடுத்த சொல்லும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வருடப்பெற்ற பழைய நூல்களில் இவ்விடைவெளி மேலும் பெரிது. அங்குப் பக்கம் ஒரு படம். அதன் அடியில் எழுத்துணரி உருவாக்கிய உரை ஓர் அடுக்காக மறைந்திருக்கும். ஆங்கில உரையைப் பெரும்பாலும் சரியாகப் படிக்கும் எழுத்துணரி, அதனிடையே ரோமன் எழுத்தில் வரும் தமிழ்ப் பெயர்களில் தடுமாறுகின்றது. முத்துச்சிப்பிப் படுகையைக் குறிக்கும் ‘பார்’ என்னும் சொல் ஆங்கில நூல்களில் மூன்றெழுத்துச் சொல்லாகவும் நான்கெழுத்துச் சொல்லாகவும் வருகின்றது. மூன்றெழுத்து வடிவத்தைத் தேடினால் அதே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களும் வந்து குவியும். தொலையிரம் பார் போன்ற படுகைப் பெயர்களைத் திரட்ட விரும்புவோர் தேடலை மட்டும் நம்பினால் எஞ்சுவது அரைகுறைப் பட்டியலே. அட்டவணைகளின் நிலை இதனினும் மோசமானது. ஆண்டு, படகு எண்ணிக்கை, சிப்பித் தொகை, வருவாய் என நிரல்களாக நின்ற எண்கள், பிரித்தெடுக்கப்பட்ட பின் நிரல் பிரியாத ஒரே வரியாகின்றன.

கொற்கையும் பௌவமும்

தமிழ்க் கோப்புகளில் சிக்கல் எழுத்தின் அளவிலேயே தொடங்குகின்றது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளும் இதழ்களும் திரையில் தமிழாகத் தோன்றினாலும் அடியில் ரோமன் குறியீடுகளையே கொண்டுள்ளன. அவற்றில் கோடிட்டுப் பிரித்தெடுப்பவருக்குப் பொருளற்ற எழுத்துக்குவியலே கிடைக்கும். இப்பிழை கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் தீங்கு குறைவு.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளே கவலைக்குரியவை. ‘கொற்கை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் இது ககரம், ஒகரக் குறி, றகரம், புள்ளி, ககரம், ஐகாரக் குறி என ஒலிப்பு வரிசையில் ஆறு குறியீடுகளாக அமையும். தோற்ற வரிசையைப் பின்பற்றும் கோப்பிலோ ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும், கால் அதற்குப் பின்னும், ஐகாரக் குறி இரண்டாம் ககரத்திற்கு முன்னும் நிற்கும. பிரித்தெடுப்பில் இவ்வரிசை சரிசெய்யப்படாவிடின், குறிப்புச் செயலியில் ‘கொற்கை’ எனத் தேடுவோருக்கு அப்பகுதி அகப்படாது. கடலைக் குறிக்கும் ‘பௌவம்’ என்னும் சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் இடப்பட்ட வடிவம் பல மின்னுரைகளில் உண்டு. இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு மிகச் சிறிது ஆதலால், ‘பரவர்’ என்பதை எழுத்துணரி ‘பாவர்’ எனப் படிக்கவும் வாய்ப்புண்டு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூல்களில் உள்ள பழைய ணை, லை, றா வடிவங்கள் மற்றுமொரு தடை.

முத்துக்குளித்துறையின் தொடக்ககால அச்சுநூல்களில் இத்தடை உச்சம் பெறுகின்றது. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், அடியார் வரலாறு 1586இலும் அச்சாயின. பின்னது புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுவது. குறிலையும் நெடிலையும் இன்றுபோல் வேறுபடுத்தாத அவ்வெழுத்து முறையில், சூழலறிந்து படிப்பவரே சொல்லை முடிவுசெய்ய இயலும். அங்குப் பிரித்தெடுப்பு என்பது ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்வதாகும். அதனைச் செயலியிடம் ஒப்படைத்தல் பதிப்பாசிரியரின் கடமையைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

வரி யாருடையது

இரண்டாம் சிக்கல் மூல அடுக்குகளைப் பற்றியது. தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூல் பெருமளவு பிறர் எழுத்துகளின் தொகுப்பே. முந்தைய அறிக்கைகளிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் எடுத்த நீண்ட மேற்கோள்கள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. மேற்கோளின் நடுவில் ஒரு வாக்கியத்திற்குக் கோடிட்டுப் பிரித்தெடுத்தால், செயலி அதன் கீழ் ‘தர்ஸ்டன், 1909’ என எழுதும். உண்மையில் அவ்வாக்கியம் பல பத்தாண்டுகளுக்கு முன் வேறொருவர் வேறொரு நோக்கில் எழுதியதாக இருக்கக்கூடும். மார்க்கோ போலோவின் பயண நூலுக்கு யூல் எழுதிய விரிவான குறிப்புகளுக்கும் இது பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பயணியின் கூற்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியரின் விளக்கமும் குறிப்புச் செயலியில் ஒரே பெயரின் கீழ் ஒரே மஞ்சள் நிறத்தில் அடங்கிவிடும்.

இது வெறும் அடிக்குறிப்புத் தூய்மை பற்றிய கவலை அன்று. பரவர், பரதவர், பரதர் என்னும் பெயர்களின் உறவும் அச்சமூகத்தின் தோற்றமும் இன்றும் விவாதிக்கப்படுபவை. ஓர் அலுவலரின் ஊகம், அதனை மற்றவர் எடுத்தாண்டமை, எடுத்தாண்டதை மூன்றாமவர் மறுபடி மேற்கோளாக்கியமை ஆகிய மூன்றும் தனித்தனிச் சான்றுகள்போல் குறிப்பேட்டில் அமர்ந்துவிட்டால், ஒரே ஊகம் மும்மடங்கு வலிமை பெற்றதாகத் தோன்றும். வாழும் மக்களின் வரலாறு இவ்வாறு எழுதப்படும்போது பிழையின் சுமை ஆய்வாளரோடு நிற்பதில்லை.

வெட்டப்படும் மறுபாதி

மூன்றாவது சிக்கல் சூழல் இழப்பு. சுறாக்கட்டு பற்றிய சான்றுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முத்துக் குளிப்போரைச் சுறாக்களிடமிருந்து காக்க மந்திரம் செய்வோர் இருந்தனர் என்றும், அவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு உரியது என்றும் மார்க்கோ போலோ கூறுகின்றார். அவர்களைக் குறிக்க அவர் ஆளும் சொல் பிராமணரைச் சுட்டுவதாக விளக்கப்படுகின்றது. ஆறு நூற்றாண்டுகள் கழித்து 1859இல் இலங்கை பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அத்தொழில் பரம்பரையாக வருவது எனக் கூறுகின்றார். அம்மந்திரத்தின் மதிப்பு அதனைச் செய்பவரின் சமயத்தைப் பொறுத்ததன்று எனவும், அப்போதைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் எனவும் அவ்விடத்திலேயே சேர்த்துரைக்கின்றார்.

முன்பாதியில் மட்டும் கோடிடுபவருக்கு மாறாத பழமரபு ஒன்று கிடைக்கும். பின்பாதியையும் சேர்த்துப் படிப்பவருக்கோ சமயம் மாறியும் தொழிலும் நம்பிக்கையும் தொடர்ந்த ஒரு கடற்கரைச் சமூகம் புலப்படும். இரண்டு குறிப்புகளும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் சொற்பிழை இல்லை. ஆயினும் அவை இருவேறு ஆய்வு முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன.

கோடிட இயலாத சான்றுகளும் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. தூத்துக்குடிக் கரையில் 1830க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை. 1955இல் தொடங்கிய தொடர் 1961இல் முடிந்தது. குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளுக்குப் படகும் கூட்டமும் ஏலத்தொகையுமாகப் பக்கங்கள் நிறைந்துள்ளன. வறண்ட ஆண்டுகளுக்கு எஞ்சியிருப்பது அட்டவணையில் ஒரு வெற்றிடமே. வெற்றிடத்தை மஞ்சளாக்க இயலாது. குறிப்புத் திரட்டை மட்டும் வைத்து எழுதுபவர் முத்துக்குளித்துறையை இடையறாத செல்வக்கரையாக வருணிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கரை மக்களின் வாழ்வைப் பெரிதும் வடிவமைத்தவை முத்தில்லா ஆண்டுகளே.

புறத்திரட்டு காட்டும் வழி

பிரித்தெடுப்பு தமிழுக்குப் புதிதன்று. நீதிப்பாடல்களையும் புறப்பொருட் பாடல்களையும் பல நூல்களிலிருந்து எடுத்து, பொருள்வாரியாக அதிகாரம் வகுத்துத் தொகுத்த புறத்திரட்டு அதற்குச் சான்று. வையாபுரிப்பிள்ளை அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். முழுமையாகக் கிடைக்காத முத்தொள்ளாயிரத்தின் பாடல்களுள் நூற்றுக்குச் சற்று மிகுந்தவை இன்று நம்மிடம் இருப்பது அத்தொகுப்பால்தான். பாண்டியநாட்டு முத்தைப் பேசும் பாடலும் அவற்றுள் உண்டு.

அத்தொகுப்பு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, எடுக்கப்பட்ட பாடலுடன் அதன் நூற்பெயரும் காக்கப்பட்டமையாலேயே மறைந்த நூலை ஓரளவேனும் மீட்க முடிந்தது. இரண்டாவது, எடுக்கப்படாதவை மறைந்தன. எஞ்சியவையும் தொகுத்தவரின் தலைப்புகளுக்குள் நின்றன. மூல நூலின் வைப்புமுறை என்றென்றைக்குமாக மறைந்தது. எடுப்பவர் மூலத்தைக் காக்கவும் சிதைக்கவும் வல்லவர் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை.

மதிப்பீடு

இக்குறைகளுக்காக மின்குறிப்பெடுப்பை விலக்க வேண்டியதில்லை. கையால் படியெடுத்த காலத்திலும் பிழைகள் நேர்ந்தன. அட்டைக் குறிப்புகளிலும் பக்க எண்கள் மாறின. 2006இல் வெளிவந்த சோட்டெரோ மென்பொருள், 2022இன் ஆறாம் பதிப்பிலிருந்து கோடிட்ட பகுதியை அதன் பக்கத்துடன் இணைத்தே குறிப்பில் சேர்க்கின்றது. குறிப்பைச் சொடுக்கி மூலப் பக்கத்திற்கு மீள இயலும் என்பது அட்டைப்பெட்டிக் காலத்தில் இல்லாத வசதி. அக்குறிப்பை அப்சிடியன் போன்ற மற்றொரு செயலிக்கு வெற்றுரையாக மாற்றும்போது அவ்விணைப்பு அறுந்துவிடக்கூடும் என்பதே கவனிக்கத்தக்கது.

எனவே தேவைப்படுவது சில ஒழுங்குகள். தமிழ்ப் பகுதிகளையும் எண் அட்டவணைகளையும் உரையாக மட்டுமன்றிப் பக்கத்தின் படத்துணுக்காகவும் சேமித்தல் வேண்டும். கோப்பின் பக்க எண்ணை விடுத்து அச்சுப் பக்க எண்ணைக் குறித்தல் வேண்டும். மேற்கோளுக்குள் வரும் மேற்கோளுக்கு அதன் முதல் ஆசிரியரின் பெயரைக் கையால் சேர்த்தல் வேண்டும். பரவர், பரதர் முதலிய வேறுபாடுகளை மேற்கோளுக்குள் திருத்தாமல், தேடலுக்கான பொதுச்சொல்லை வெளியே தனியாக இடுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு துணுக்கின் கீழும் அதற்கு முன்னும் பின்னும் மூலம் கூறுவது யாது என ஆய்வாளர் தம் சொற்களில் ஓரிரு வரி எழுதுதல் வேண்டும். அவ்வரியை எழுத முடியாதெனின் அப்பகுதி இன்னும் படிக்கப்படவில்லை என்பதே பொருள்.

முடிவுரை

ஆய்வேட்டு நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் மேற்கோள்களின் எண்ணிக்கையை நோக்குவதைவிட, அவற்றுள் சிலவற்றையேனும் மூலப் பக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அவ்வொப்பீட்டிற்கு வேண்டிய கோப்புகள் பலவும் இன்று எவர்க்கும் எட்டும் இடத்தில் உள்ளன. முத்துக்குளித்துறை குறித்த மூலங்கள் இதற்குமுன் இத்துணை எளிதாகக் கிடைத்ததில்லை. அவ்வெளிமை மூலத்தை மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கப் பயன்படுமாயின், தூத்துக்குடியின் வரலாறு செழுமை பெறும். மூலத்தைத் திறவாமலே எழுதுவதற்குப் பயன்படுமாயின், பழைய ஊகங்களே புதிய அடிக்குறிப்புகளுடன் திரும்பி வரும்.