உதறலைப் படிக்கும் கை

"மிதிக்கும்போது மட்டும் உதறுதா, காலை எடுத்தாலும் உதறுதா?"

எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கடத்தும் ஷாஃப்டில் சிவி ஜாயின்ட் மாற்றிய காரோடு வந்து நின்று, "புதுச் சாமான் போட்டும் உதறுதே அண்ணாச்சி" என்று புலம்புகிறவரிடம் தூத்துக்குடியின் தேர்ந்த மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி அது. ஜாக்கி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டு, வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மதுரை நான்குவழிச் சாலைக்கு வண்டியை விடுகிறார். இந்தக் கைத்தொழிலில் ரசிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 11 முறை சுற்றும். பேலன்ஸ் தவறிய சக்கரமும் வளைந்த ஷாஃப்டும் சுற்றுக்கு ஒரு முறை உதறும். அந்த உதறல் வண்டியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் விடாது. கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்டின் குணமே வேறு. பெரும்பாலான கார்களில் அங்கே இருப்பவை மூன்று உருளைகள். மூன்று பள்ளங்களில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே சுழல்பவை. அந்தப் பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பக்கவாட்டில் இடிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்தால் வினாடிக்கு ஏறத்தாழ 17 இடி. வண்டியின் முன்பாகம் இடமும் வலமுமாக அலையும்; காலை எடுத்த கணமே அடங்கிவிடும். தூத்துக்குடி தட்டையான ஊர். எஞ்சினுக்குச் சுமை கொடுத்துப் பார்க்க ஏற்றம் வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறும்போது வந்து இறங்கும்போது மறைகிற நடுக்கத்தை அனுபவசாலி தன் இருக்கையிலேயே அடையாளம் கண்டுவிடுகிறார். சக்கரத்துப் பக்கத்து வெளி ஜாயின்ட் கெட்டிருந்தால் பெரும்பாலும் நடுக்கம்கூட வராது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தும்போது 'டக் டக்' என்று அதுவே சொல்லிவிடும்.

இத்தனை நுணுக்கம் தேவைப்படுவதற்குக் காரணம் அந்த ஜாயின்டின் வேலை. எஞ்சினின் சுழற்சி முன்சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதே சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் விழுந்து எழவும் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த சிலுவை வடிவ இணைப்பு இதற்குப் போதாது. அம்பாசிடரில் இருந்ததும், துறைமுகத்துக்குச் சரக்கேற்றி வரும் லாரிகளின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்றும் இருப்பதும் அதுதான். பட்டறைப் பேச்சில் 'கிராஸ்'. மடங்கிய நிலையில் சுழலும்போது அது சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று நேராக மாட்டினால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது ஈடுகட்டும். அதனால்தான் லாரி மெக்கானிக் மார்க் போடாமல் ஷாஃப்டைக் கழற்றுவதில்லை.

1926இல் ஆல்ஃப்ரெட் செப்பா கண்ட விடை மிக அழகானது. வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே ஆறும் நிற்கும். உள்ளே போகிற வேகமும் வெளியே வருகிற வேகமும் எப்போதும் ஒன்று. 1959இல் வந்த மினி கார் இந்த ஜாயின்டைப் பரவலாக்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் ஊர்ப் பட்டறைகளும் முன்சக்கர ஓட்டத்துக்குப் பழகின.

பழைய ஜாயின்டைப் பிரித்து, டீசலில் கழுவி, குண்டுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டி வெளிச்சத்தில் பார்ப்பது தனிக்கலை. 1955 முதல் 1961 வரை இந்தக் கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்புக் காலத்தில் வியாபாரிகள் முத்தின் உருட்சியையும் மினுக்கத்தையும் எடைபோட்ட பார்வைதான் இதுவும். எஃகின் மேல் ஊசிமுனைக் குழி தெரிந்தாலும் குண்டு கழிவுதான். குழிக்குக் காரணம் பெரும்பாலும் கிழிந்த ரப்பர் பூட். முள்ளக்காடு, முத்தையாபுரம் உப்பளங்களை ஒட்டி ஓடும் வண்டியில் கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறும், மணலும் உப்பும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் கிரீஸ் அரைக்கும் பசையாகிவிடும்.

உப்புக்காற்று இன்னொரு இடத்திலும் விளையாடும். ஜாயின்ட் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது ஹப் முகத்திலிருந்து பெயர்ந்த துருச்செதில் ஒன்று டிஸ்க்குக்கு அடியில் சிக்கினால் போதும், சக்கரம் கோணலாக உட்காரும். ஜாயின்டின் மேல் வீண்பழி விழும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குகிறவர் எவரோ அவரிடம் வண்டியை நம்பி விடலாம். ஷாஃப்டின் நுனியில் உள்ள லாக் கியர்பாக்ஸுக்குள் 'டிக்' என்று விழுந்ததா, உருளைகள் பழகிய அதே பள்ளத்தில் திரும்பவும் இறங்கினவா, ஹப் நட் உரிய அளவுக்கு இறுகியதா என்பவையும் பார்க்க வேண்டியவை.

ஜாக்கியில் தூக்கி எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது பலரை ஏமாற்றும் வழி. சக்கரம் தொங்கும்போது ஷாஃப்டின் கோணம் கூடிவிடும். தரையில் இல்லாத நடுக்கம் அந்தரத்தில் தெரியும். மரப்படகு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கரையில் ஏற்றிய படகின் உடல் ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது வேறு வடிவம். எஞ்சினும் சுழலித் தண்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைப் படகை இறக்கிய பிறகுதான் இறுதியாகப் பார்ப்பார்கள். காருக்கும் நான்கு சக்கரமும் தரையில் பதிந்து, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த நிலையே உண்மையான நிலை.

இவ்வளவும் சரியாக இருந்து, மேம்பாலத்தில் அதே இடவல அலைச்சல் திரும்ப வந்தால் தேர்ந்தவரின் பார்வை ஜாயின்டை விட்டு நகரும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளில் ஒன்று அமுங்கியிருக்கலாம். எஞ்சின் அந்தப் பக்கம் சற்றே தாழ்ந்தாலும் உள் ஜாயின்டின் கோணம் மாறிவிடும். கோணம் கூடக் கூட மூன்று உருளைகளின் பக்கவாட்டு இடியும் கூடும். புது ஆக்ஸில் போட்டாலும் அந்தக் கோணம் அப்படியேதான் இருக்கும். ஆகவே அவர் ஒரு கட்டையை வைத்து எஞ்சினை ஜாக்கியால் மெல்லத் தாங்கி, மவுண்டிங்கின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். பிறகு அதை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடியும் பாலத்தின் மேல் வண்டியை ஏற்றுகிறார்.