எஞ்சிய முகப்பு

மக்காவ் நகரில், அகன்ற கற்படிகளின் உச்சியில், ஆலயமின்றி ஆலய முகப்பு ஒன்று நிற்கிறது. வாயில் உண்டு, நுழைந்தால் பீடமில்லை, கூரையில்லை, வானம் மட்டுமே உண்டு. மக்கள் இதனைத் தூய பவுல் ஆலயம் என்பர். உண்மையில் இது இறைவனின் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம். அருகிலிருந்த இயேசு சபையாரின் தூய பவுல் கல்லூரியின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. 1602-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1640-ஐ ஒட்டி முகப்பு நிறைவெய்தியது. 1835-இல் மூண்ட தீ முகப்பொழிய ஏனையவற்றை விழுங்கியது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட மக்காவ் வரலாற்று மையத்தில் இம்முகப்பும் அடங்கும்.

நான் அங்குச் சென்ற நாளில் படிகள் நிறையக் கூட்டம். பெரும்பாலோர் முகப்புக்கு முதுகைக் காட்டி நின்றனர். ஒளிப்படத்திற்கு அது பின்திரை. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. போர்த்துக்கீசியக் குடியேற்றக் காலக் கட்டடம் என்ற ஒற்றை வரிக்கு மேல் அவர்களுக்கு யார் என்ன சொன்னார்கள்? ஒரு கலைப்படைப்பை மதிப்பிடுமுன், அதைப் படைத்தவர் யார், அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா?

முகப்பு ஐந்து அடுக்குகளாய் எழுகிறது. உச்சியில் கதிரவனும் நிலவும் விண்மீன்களும் சூழத் தூய ஆவியாம் புறா. அதன்கீழ் பாடுகளின் கருவிகள் புடைசூழக் குழந்தை இயேசு. நடுவே வானதூதர் போற்றும் அன்னை மரியா. அதற்கும் கீழே இயேசு சபைப் புனிதர் நால்வர். அவருள் ஒருவர் முத்துக்குளித்துறை மக்களின் தந்தையாகிய நம் சவேரியார். கீழிருந்து மேல் நோக்கிப் படித்தால், அடியார் வழியாய் அன்னையிடமும், அன்னை வழியாய் மகனிடமும் நம்மை ஏற்றிச் செல்லும் மறைக்கல்வி நூல் இது. எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க நூல்.

இந்நூலின் மொழி ஐரோப்பிய மொழி மட்டுமன்று. அன்னையின் இருபுறமும் சீனத்தின் பியோனி மலரும் சப்பானின் செவ்வந்தியும் மலர்ந்திருக்கின்றன. சீனச் சிங்கங்கள் காவல் நிற்கின்றன. கிடக்கும் எலும்புக்கூட்டின் அருகே, இறப்பை நினைப்பவர் பாவம் செய்யார் என்ற பொருளில் சீன எழுத்துகள். செதுக்கிய கைகளுள் சப்பானியக் கிறிஸ்தவரின் கைகளும் உள்ளூர்க் கைவினைஞரின் கைகளும் இருந்தன. 1614-இல் சப்பானில் நம் மறை தடைசெய்யப்பட்டபோது நாடு துறந்து வந்தவர்கள் பலர் மக்காவில் அடைக்கலம் புகுந்திருந்தனர். ஆலயத்தின் திட்டத்தை வகுத்தவராகக் கூறப்படும் அருட்தந்தை கார்லோ ஸ்பினோலா, 1622-இல் நாகசாகியில் உயிரோடு எரிக்கப்பட்டார். ஆதலின் இதனை வென்றவரின் வெற்றித்தூண் என்று மட்டும் சொல்வது பிழை. வீடிழந்தோர் இறைவனுக்குக் கட்டிய வீடு இது.

ஆயினும் நம்முடையது என்பதற்காகக் குறைகளை மூடிவைப்பது திறனாய்வு ஆகாது. முகப்பில் ஒரு கப்பலும் உண்டு. புயலில் தத்தளிக்கும் திருச்சபையின் அடையாளம் என்பர். ஆனால் அது போர்த்துக்கீசிய வணிகக் கப்பலின் வடிவிலேயே மிதக்கிறது. மக்காவ்–நாகசாகிப் பட்டு வணிகத்தில் இயேசு சபையாருக்கும் பங்கிருந்தது. மறைப்பணியின் செலவில் ஒரு பகுதியை அதுவே தாங்கியது. நற்செய்தியும் வணிகமும் ஒரே கப்பலில் ஏறின. அந்தக் கடல்வழி எப்படி முடிந்தது? 1640-இல், வணிகத்தை மீண்டும் வேண்டி மக்காவிலிருந்து சென்ற தூதுக்குழுவில் 61 பேர் நாகசாகியில் தலை வெட்டப்பட்டனர். முகப்பின் கடைசிக் கற்கள் ஏறிய காலம் அது.

இன்னொரு குறை ஆழமானது. திருவெளிப்பாட்டின் ஏழுதலை அரக்கப் பாம்பை அன்னை மிதிக்கிறாள். அருகிலுள்ள சீன எழுத்துகள் அதனை ‘லொங்’ என்றே குறிக்கின்றன. சீனருக்கு அது பேரரசரின் சின்னம், மங்கலத்தின் வடிவம். சொல்லைப் பெயர்த்தவர்கள் சொல்லின் மணத்தைப் பெயர்க்கவில்லை. பியோனியை அன்போடு நட்ட அதே முகப்பு, வழிப்போக்கனின் நெஞ்சில் முள்ளையும் தைத்தது. 1582-இல் மக்காவுக்கு வந்து சீனம் கற்ற மத்தேயு ரிச்சியும், 1606-இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்ற தத்துவ போதகரும், அயலவர் நெஞ்சில் எச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்கப் பல்லாண்டுகள் செலவிட்டது ஏன் என்பது இங்கே விளங்குகிறது. பண்பாட்டுமயமாதல் என்பது மலரைச் சேர்ப்பதன்று, செவிசாய்ப்பது.

இக்குறைகளால் முகப்பின் மதிப்புக் குன்றிவிட்டதா? இல்லை, என்னைப் பொறுத்தவரை கூடியது. விசுவாசமும் பேராசையும், அன்பும் அறியாமையும் ஒரே கல்லில் கலந்திருப்பதே நம் திருச்சபையின் உண்மை வரலாறு. பெருமையை மட்டும் காண்பவர் பாதி படிக்கிறார். அடிமைத்தனத்தை மட்டும் காண்பவரும் பாதியே படிக்கிறார்.

முகப்பைக் கடந்து, ஆலயம் இருந்த வெளியின் கோடிக்குச் சென்றால், நிலவறை ஒன்று உண்டு. 1990-களின் அகழ்வாய்வுக்குப் பின் அமைக்கப்பட்டது. சப்பானிலும் வியட்நாமிலும் உயிர் ஈந்த மறைசாட்சியரின் எலும்புகள் அங்கே கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. வெளியே ஆயிரம் பேர். உள்ளே நான் நின்ற வேளையில் மூவர். வாசலில் படித்த இறப்பைப் பற்றிய வாசகத்தின் உரை அங்கேதான் இருக்கிறது.

கோவாவுக்கோ மலாக்காவுக்கோ மக்காவுக்கோ பயணம் போகும் நம்மவர் இன்று பலர். போய்வாருங்கள், படமும் எடுங்கள். ஆனால் எடுத்தபின் ஒருமுறை திரும்பி நில்லுங்கள். கட்டச் சொன்னவரின் பெயர் ஏடுகளில் இருக்கும்; கல்லைச் செதுக்கியவரின் பெயர் பெரும்பாலும் இராது. பெயர் அறியாத அவருக்காக ஓர் ‘அருள்நிறை மரியே’ சொல்லிவிட்டு இறங்குங்கள்.