தம்புராவின் முன் மூன்று டர்ன்டேபிள்கள்

கர்நாடக சங்கீதத் தட்டுகளைப் போற்றிச் சேகரித்து வருகிறவர் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்க எண்ணும்போது, பாடகருக்குப் பின்னால் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் தம்புராவின் சுருதி அந்த யந்திரத்தில் அசையாமல் நிற்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெளிந்துகொண்டு, மற்றக் குணங்களைப் பிறகே ஆராய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியின் இசையில் ஸ்வரங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால் தட்டின் வேகத்தில் நேரும் சிறு தளர்ச்சி பெரும்பாலும் காதுக்கு எட்டாமலே கடந்துபோகும். நம் சங்கீதத்திலோ ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுவதும் விலகாமல் நிற்பதால், தட்டு ஒரு கணம் தயங்கினாலும் அந்தத் தயக்கம் மறைந்துகொள்ள இடமே இல்லை.

இந்த நோக்கத்தோடு, பழைய ஒலிக் கருவிகளில் ஈடுபாடுள்ள நண்பர்கள் சிலர் மயிலாப்பூரில் ஒருவர் இல்லத்தில் கூடி, மூன்று வேறு தத்துவங்களின்படி அமைந்த மூன்று யந்திரங்களை ஒப்பிட்டுக் கேட்டோம்: இங்கிலாந்தின் கேரார்டு 401, சுவிட்சர்லாந்துப் பெயர் தாங்கிய தோரன்ஸ் டிடி 160, ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. மூன்றிலும் ஒரே வகையான ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, முள்ளின் பாரத்தை 1.8 கிராமாக நிறுத்தி, குவாட் 33, 303 இணையின் வழியாகக் கேட்டோம். ஒலிபெருக்கிகளாக முதலில் பி.பி.சி. வகுத்த எல்எஸ்3/5ஏ இருந்தது. மனிதக் குரலை அவ்வளவு இயல்பாகத் தரும் சிறு பெட்டி வேறொன்றை நான் அறியேன். ஆயினும் மிகத் தாழ்ந்த ஒலிகளை அது வெளியிடாதாகையால் மோட்டாரின் உறுமலையும் சேர்த்து மறைத்துவிடும். ஆகவே டானாயின் 15 அங்குல ஒலிபெருக்கிகளிலும் ஒவ்வொன்றையும் மறுபடி கேட்ட பிறகே முடிவுக்கு வந்தோம்.

கேரார்டு கம்பெனி 1915-இல், முதல் உலக யுத்தத்தின் நடுவே, பீரங்கிப் படைக்கு வேண்டிய தூரமானிகளைச் செய்வதற்காக லண்டன் நகை வியாபாரிகளால் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ஸ்விண்டன் நகரில் அவர்கள் வார்த்த 301-ஐயும், 1965-இல் அதன் வாரிசாக வந்த 401-ஐயும் கையால் தொட்டுப் பார்க்கிறவருக்கு அந்தப் பூர்வ சரித்திரம் உடனே விளங்கும். மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்ட, அந்தச் சக்கரம் கனத்த உலோகத் தட்டின் உள்விளிம்பை நேரே பிடித்துச் சுழற்றுகிறது. இந்த ஐட்லர் அமைப்பில் மோட்டாரின் பலம் முழுவதும் சிந்தாமல் தட்டைச் சேர்வதனாலோ என்னவோ, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பி மீது விழும் ஒவ்வோர் அடியும் இதில் எழும்புகிற வேகமும் நிச்சயமும் மற்ற இரண்டிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு மிருதங்க வித்துவான் தாம் அறியாமலே தொடையில் தாளம் போடத் தொடங்கியதை இதற்குச் சாட்சியாகச் சொல்வேன்.

ஆனால் அந்தப் பலத்துக்கு விலையும் உண்டு. மோட்டாரின் அதிர்வு ரப்பர் சக்கரத்தின் வழியே தட்டுக்கும், தட்டிலிருந்து முள்ளுக்கும் ஏறுவதால், டானாயில் கேட்கும்போது ஆலாபனையின் மௌன இடைவெளிகளில் ஓர் ஆழ்ந்த உறுமல் தென்பட்டது. கனமான மரச்சட்டத்தில் யந்திரத்தைப் பதித்து, தண்டின் தாங்கியைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, வருஷங்களில் இறுகிப்போன ரப்பர் சக்கரத்துக்குப் புதியது மாற்றினால் இது பெரிதும் தணியும்; முழுதும் மறைந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. தவிர, 401 என்பது மோட்டாரும் தட்டும் மாத்திரமே. ஆர்ம், மரச்சட்டம் இரண்டையும் தனியே தேட வேண்டும். எங்கள் பரிசோதனையில் எஸ்எம்இ 3009 ஆர்ம் இருந்தது. இதனால் ஆகும் செலவு சாமானிய ரசிகருக்கு எளிதன்று.

1972-இல் வெளிவந்த தோரன்ஸ் டிடி 160-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகச் சுழலும் 16 துருவ மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட், தட்டையும் ஆர்மையும் ஒருங்கே மூன்று ஸ்பிரிங்குகளில் தாங்கும் உட்சட்டம் ஆகியவற்றால் மோட்டாரின் அதிர்வு முள்ளை எட்டாதபடி தடுக்கப்படுகிறது. சுப்ரபாதத்தின் 1963-ஆம் வருஷத்து எல்பியில் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலும் உடன் பாடும் ராதாவின் குரலும் சேர்ந்து எழும்போது அவற்றைச் சூழ்ந்திருக்கும் நிசப்தம் இந்த யந்திரத்தில்தான் மிகத் தூய்மையாக இருந்தது. மரத்தளமுள்ள வீட்டில் நடப்பவரின் காலடிக்கு ஸ்பிரிங்குகள் ஆடிவிடும் என்பதையும், பெல்ட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதையும் வாங்குகிறவர் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோரன்ஸின் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பின்தொடர்ந்தே ஓடுவதால், அத்துடிப்பு ஒரு சதவீதம் குறைந்தால் பாட்டின் சுருதியும் ஒரு சதவீதம் இறங்கும். அதைத் திருத்திக்கொள்ள அதில் வழி வைக்கவில்லை. கேரார்டில், மோட்டாரோடு சேர்ந்து சுழலும் உலோக வட்டத்தைக் காந்தத்தால் மட்டுப்படுத்தி வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கலாம். தட்டின் விளிம்பில் வேகத்தைக் காட்டும் கோடுகளும், அவற்றின்மேல் ஒளிவீசும் நியான் விளக்கும் உண்டு. ஆயினும் அந்த விளக்கும் அதே மின்சாரத்தின் துடிப்பில் மினுங்குவதால், 50 ஹெர்ட்ஸ் பிசகினால் கோடுகள் அசையாமல் நின்றபடியே சுருதி மாத்திரம் மாறியிருக்கும்.

டெக்னிக்ஸ் இந்தச் சிக்கலை வேரோடு களைந்துவிட்டது. மட்சுஷிடா கம்பெனியின் ஷுய்ச்சி ஒபாடா வகுத்த டைரக்ட் டிரைவ் முறையில் பெல்ட்டும் இல்லை, ரப்பர் சக்கரமும் இல்லை. தட்டே மோட்டாரின் ஓர் அங்கம். 1979-இல் வந்த எம்கே2 வகையில், குவார்ட்ஸ் பளிங்கின் துடிப்பைப் பிரமாணமாகக் கொண்டு தட்டின் வேகம் இடைவிடாமல் அளந்து திருத்தப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் 0.7 விநாடியில் 33⅓ வேகம் வந்துவிடும். வேகத்தின் ஏற்றத்தாழ்வு 0.025 சதவீதம் என்பது கம்பெனியின் கணக்கு. நடன அரங்குகளில் தட்டுகளை முன்னும் பின்னும் தள்ளி விளையாடுகிறவர்களின் சாதனம் என்று கருதி நல்ல சங்கீதத்தை நாடுகிறவர்கள் இதை நீண்ட காலம் ஒதுக்கியே வைத்தார்கள். அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. வீணை எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து ஸ்வரத்துக்கு மேல் ஸ்வரமாக ஏறிச் செல்லும் கமகங்களை இதில் கேட்டபோது, ஒவ்வொரு ஸ்வரமும் வித்துவான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கீழே தம்புரா, தரையில் பதித்த கல்லைப்போல் அசையவில்லை. மிருதங்கத்தின் கம்பீரத்தில் கேரார்டுக்கும், மௌனத்தின் தூய்மையில் தோரன்ஸுக்கும் இது சற்றுப் பின்தங்கியதே. ஆனாலும் கச்சேரியின் அஸ்திவாரம் சுருதியாகையால், நம் தட்டுகளுக்கு முதல் ஸ்தானத்தை டெக்னிக்ஸுக்கே தருகிறேன்.

எந்த யந்திரமும் தீர்க்க முடியாத குறை ஒன்று தட்டிலேயே இருக்கக்கூடும். நடுத்துவாரம் அரை மில்லிமீட்டர் விலகி அமைந்த எல்பியில், முள் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஓடும்போது சுருதி 0.5 சதவீதம் ஏறியும் இறங்கியும், 1.8 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும். டெக்னிக்ஸின் சொந்தப் பிழையைவிட இது பத்து மடங்குக்கும் மேற்பட்டது. நாகமிச்சி கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் டிஎக்ஸ்-1000 என்ற யந்திரத்தில், மையத்தைத் தானே தேடித் தட்டை நகர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. அது எட்டாதவர்கள், விலை கொடுக்குமுன் தட்டை ஓடவிட்டு ஆர்ம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் 78 வேகத் தட்டுகள் உள்ளவருக்கு மாத்திரம் என் தீர்ப்பு வேறு. தோரன்ஸ் 160-இலும் டெக்னிக்ஸ் எம்கே2-இலும் அந்த வேகம் கிடையாது. 2016-இல் டெக்னிக்ஸ் திரும்பக் கொண்டுவந்த எஸ்எல்-1200ஜி வகையில் உண்டு. கேரார்டு 401-இலோ அது இயல்பாகவே இருக்கிறது. எல்பியின் மெல்லிய முள் அந்த அகன்ற பள்ளத்துக்கு ஒவ்வாதாகையால், நுனி வளைவின் ஆரம் 0.076 மில்லிமீட்டராக உள்ள முள்ளைத் தனி ஹெட்ஷெல்லில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிவானவை அல்ல. சில அதற்குக் கீழும் சில மேலும் இருக்கும். பாடுகிறவர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடினார் என்று அறிந்தவர், பக்கத்தில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, கேரார்டின் வேகத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தட்டிலுள்ள ஷட்ஜமும் பெட்டியின் ஷட்ஜமும் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.