கையால் இரண்டு சுற்று

ஈப்போவைத் தாண்டி சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து வீடுகளின் கார் கொட்டகைகளில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் அழகானது, டைமிங் செயின் கைடு மாற்றுவது.

2005இல் வந்த பெரோடுவா மைவியின் 1.3 லிட்டர் எஞ்சினில் பெல்ட் இல்லை, செயின்தான். அது ஆடாமல் ஓடத் தடம் பிடித்துக் கொடுப்பவை இந்தக் கைடுகள். எஞ்சின் எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் அவற்றின் பிளாஸ்டிக் முகம் தேய்ந்து பள்ளம் விழும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது கரகரவென்று சத்தம் கேட்கும்.

முன்மூடியைக் கழற்றி, கிராங்க், கேம் பற்சக்கரங்களின் குறிகளைச் சேர்க்கும் கைகளில் பால்மரம் வெட்டியவர்களின் நிதானம் தெரியும். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய தலைமுறையின் பிள்ளைகள் அல்லவா! பழைய பசையைச் சுரண்டும்போதும் அலுமினியத்தில் ஒரு கீறல் விழவிடமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் கடைசியில் வரும். சாவியைத் தொடாமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மீண்டும் பார்ப்பார்கள். கிராங்க் இரண்டு சுற்று வந்தால் கேம் ஒரு சுற்று வரும். ஒரு பல் பிசகியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள், எவ்வளவு அவசரமானாலும், அந்த இரண்டு சுற்றை விட்டுவிடாதீர்கள்.