அரையடி இடம்

யார்க்கர் என்றாலே வேகத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அதில் பிடித்தது அது விழும் இடம். மட்டையாளரின் கால் விரலுக்கும் மட்டையின் அடிநுனிக்கும் நடுவே அரையடி இருந்தால் அதிகம். சற்று முன்னால் குத்தினால் பந்து மட்டைக்கு வாகாக எழும்பும். சற்றுத் தள்ளிப்போனால் தரையே தொடாத ஃபுல் டாஸ். இரண்டும் கூட்டத்துக்குள் போய் விழும். இப்படி விளிம்பில் நிற்கும் ஒரு பந்தை ஓவருக்கு நாலைந்து முறை போடத் துணிகிறவர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன்.

தாரமங்கலத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். அப்பா நெசவுக் கூலி. அம்மாவுக்குச் சாலையோரத்தில் சிக்கன் கடை. (பந்தைத் தறி நாடாவோடு ஒப்பிடக் கை ஊறுகிறது. வேண்டாம், பாவம், ஊரே அதைச் சொல்லி முடித்திருக்கும்.) இருபது வயதுவரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து. அந்தப் பந்துக்கு மட்டையாளர் பயப்பட மாட்டார், பட்டால் வலிக்காது. போடுகிறவனுக்கு மிஞ்சும் ஒரே வழி, மட்டையைச் சுழற்ற இடம் தராமல் காலடியில் போடுவது. அரையடியின் பாடசாலை அதுதான்.

2015-இல் ரஞ்சிக் கோப்பைக்கு வந்ததும் அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் எழுந்தது. கையின் பாதையையே மாற்றிக்கொண்டு திரும்பினார். கை மாறியும் பந்து விழும் இடம் மாறவில்லை. குரல் உடைந்த பின்னும் சுருதி பிசகாத பாடகரைக் கேட்பது மாதிரி இது.

2020 நவம்பர் 6, அபுதாபியில் ஐபிஎல் ஆட்டம். 56 ரன்னில் நின்ற டிவில்லியர்ஸின் மட்டை இறங்கி வருவதற்குள் பந்து அடியில் நுழைந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. அடுத்து ஆஸ்திரேலியா. போனது வலைப்பயிற்சியில் பந்து போட்டுக் கொடுக்க. டிசம்பர் 2-இல் கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம், 4-இல் அதே மைதானத்தில் முதல் டி20, ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர். ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோது பிறந்த மகளை, இதெல்லாம் முடிந்து ஊர் திரும்பித்தான் பார்த்தார்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த பிரிஸ்பேன் ஆட்டத்தை. யார்க்கர் ஆள் என்று பெயர் வாங்கியவர், 45 ரன்னில் இருந்த வேடையும் 108 அடித்த லபுஷேனையும் எடுத்தது குட்டைப் பந்தில். இருவரும் இழுத்து அடிக்கப் போய் மேலே தூக்கிவிட்டார்கள். காலடிக்குக் காவல் இருப்பவனிடம் பந்து மேலே வந்தால் கை அவசரப்படத்தானே செய்யும்! மூன்றாவதாக ஹேசல்வுட்டின் ஸ்டம்ப். 78 ரன்னுக்கு 3 விக்கெட். அவருடைய டெஸ்ட் கணக்கில் இருப்பது அந்த ஒரே ஆட்டம்தான் என்பது எனக்கு இன்னும் ஆறாத குறை.

அரையடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2021 மார்ச் 28, புனே ஒருநாள் ஆட்டத்தின் கடைசி ஓவரைத் தேடிப் பாருங்கள். இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும். எதிரே சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் கொடுத்தது 6.