கறுப்புக்குள் வந்த வெந்தய வாசம்

1796ஆம் ஆண்டு ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தன் நாட்குறிப்பில் ஒரு பீரைப் பற்றி எழுதிவைத்தார். லண்டன் த்ரேல் ஆலையின் போர்ட்டர் என்னும் கரிய பீர் அது. ரஷ்ய அரசிக்கென்றே தனியாகக் காய்ச்சப்பட்டது, ஏழு வருடம் கெடாமல் இருக்கும் என்று அவரிடம் சொன்னார்களாம். அரசியைவிட அந்த ஏழு வருடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாங்கிய கையோடு குடித்துத் தீர்க்கிற பீரை ஏழு வருடம் எதற்காக வைத்திருக்க வேண்டும்?

தேம்ஸ் நதியின் தென்கரையில், சதக் பகுதியில் இருந்த ஆலை அது. உரிமையாளர் ஹென்றி த்ரேல் 1781இல் இறந்தபோது, அதை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்கும் வந்து சேர்ந்தது. விலை 1,35,000 பவுண்டு. வாங்கிய பார்க்லே பெர்கின்ஸ், 1955இல் கரேஜ் நிறுவனத்தோடு இணைந்தது. 'இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட்' என்ற பெயரில் 1993 வரை வந்துகொண்டிருந்த அந்தப் பீர் நின்றுபோய், 2011இல் பெட்ஃபர்ட் நகரில் மறுபடி காய்ச்சப்பட்டது. ஆல்கஹால் 10 சதவீதம். இலங்கையில் லயன் ஸ்டவுட் குடித்தவர்களுக்கு இந்தக் கருமையும் கனமும் அந்நியமாக இருக்காது.

2012இல் காய்ச்சியதில் ஆறு பாட்டில் வாங்கி, ஐந்தை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் நிமிர்த்தி வைத்தேன். படுக்கவைத்தால் அடியில் தங்கும் ஈஸ்ட் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஊற்றும்போது கலங்கிவிடும்.

ஒரு வருடத்தில் திறந்த முதல் பாட்டில் முரடு. கரிந்த காப்பிக்கொட்டை, அடிநாக்கைக் கவ்வும் கசப்பு, தொண்டையில் சாராயக் காந்தல். ஐந்தாம் வருடம் திறந்தது எனக்கு ஏமாற்றம். கசப்பு இறங்கியிருந்தது, காந்தலும் அடங்கியிருந்தது. ஆனால் புதுசின் வாசம் போய்விட்டிருந்தது. பழசின் வாசம் இன்னும் வந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் வருடத்துப் பாட்டிலைத் திறந்தபோது மெல்லிய சீறல் மட்டுமே கேட்டது. நுரை விரற்கடை உயரம்கூட எழவில்லை. பழுப்பாக ஒரு வளையம் கட்டிக் கலைந்தது. இதை ஐஸாகக் குளிரவைத்தால் ஒன்றும் தெரியாது. 12, 13 டிகிரியில், வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் ஊற்றிப் பொறுத்திருக்க வேண்டும். முதலில் கருப்பட்டிப் பாகு. அதன் பின்னால் பேரீச்சை, உலர்ந்த திராட்சை. நாக்கில் வைத்தால் பழம்புளியின் சாயலில் ஒரு புளிப்பு. கறுத்து, இளகி, கூர்மையெல்லாம் மழுங்கிய புளிப்பு. கசப்பு எங்கோ தொலைவில் இருந்தது. கிளாஸ் உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுத்ததும் இன்னொரு வாசம் எழுந்தது. நன்றாகத் தெரிந்த வாசம், பெயர்தான் வாயில் வரவில்லை. நாலாவது மிடறில் பிடிபட்டது: வெந்தயம். எண்ணெயில் போட்டுச் சிவந்து வரும்போது சமையலறையில் பரவுமே, அதேதான்.

பிரமையில்லை அது. சோட்டோலோன் என்ற சேர்மம்தான் வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருகிறது. வருடக்கணக்கில் மூப்படையும் ஷெர்ரி ஒயினிலும், வயதான பீரிலும் அதே சேர்மம் உருவாகிறது. காற்றின் வேலை. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆக்ஸிஜன் துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளிர்நிற லாகருக்கு அது எமன். சில மாதத்திலேயே நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். கரிய வறுத்த மால்ட்டும் கூடுதல் ஆல்கஹாலும் உள்ள பீரில் அதே காற்று நிதானமாக வேலை செய்கிறது. ஹாப்ஸ் பூவின் கசப்பு அமிலங்கள் ஒவ்வொரு வருடமும் சிதைந்து, அவை மறைத்து வைத்திருந்த மால்ட்டின் இனிப்பு வெளியே வருகிறது. எனவே பழைய பீரில் காலம் எதையோ சேர்த்துவிட்டது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சரி. விலகிப்போனதும் சுவைதான்.

ஆனால் காலத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. ஆறில் ஒன்றை இடமில்லாமல் ஹீட்டர் குழாய் ஓரம் வைத்திருந்தேன். அதில் செத்த ஈஸ்ட் உடைந்து கரைந்து, சோயா சாஸ் நெடி ஏறியிருந்தது. மற்றவற்றுக்கு இருந்த அதே வயதுதான் அதற்கும்; இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. இருபது, முப்பது வருடம் வைத்திருந்ததைப் பெருமையாகச் சொல்லுகிற சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்திருக்கிறேன். பெரும்பாலும் உடல் மெலிந்து, ஷெர்ரி வாசம் மட்டும் மிஞ்சிய திரவம். எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம், குளிர்ந்த இருட்டில். என் நாக்கு ஒப்புக்கொண்ட கணக்கு இது.

இன்னும் ஒரு பாட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் அதைத் திறந்துவிடுவேன்.